சொல்லின் கூர்மை: ஆங்கிலத்தில் ஒலித்த நம் கண்டனக் குரல்

வெள்ளிவிழாக் காணும் ஒரு கல்விச் சங்கத்தின் மலரிலே வரலாறு பற்றி எழுதுவோர், பெரும்பாலும் தலைவர்களின் பிறப்பையும் பணியையும் பட்டங்களையும் தொகுத்துரைப்பது வழக்கம். அதுவும் வேண்டுவதே. ஆயினும் நம் முன்னோர் எவ்வாறு பேசினர், எந்தச் சொல்லை எந்த இடத்தில் ஆண்டனர், அச்சொல்லால் எதைப் பெற்றனர் என்னும் வரலாறும் எழுதப்பட வேண்டிய ஒன்றாகும். உடைமை இல்லாதவர்க்கு, படை இல்லாதவர்க்கு, பதவி இல்லாதவர்க்குச் சொல்லே கருவி. அக்கருவியை அவர்கள் தமிழிலும் தீட்டினர். ஆளுவோரின் மொழியாகிய ஆங்கிலத்திலும் தீட்டினர். ஆங்கிலத்தில் அழுத்தமான சொற்களைக் கொண்டு கடுங்கண்டனம் தெரிவிக்கும் முறையை நம் சமுதாயத்தார் கைக்கொண்ட கதையையே இக்கட்டுரை சொல்ல முற்படுகிறது.

வசைச்சொல்லாக்கப்பட்ட இனப்பெயர்

ஆங்கிலேயர் ஒருவரையோ ஒரு நாட்டையோ மிகக் கடுமையாகக் கண்டித்து ஒதுக்க வேண்டுமாயின், அதற்கென அவர்கள் கையாளும் சொற்களுள் ஒன்று 'பரையா' என்பது. உலக நெறிகளை மீறிய அரசு ஒன்றை 'பரையா நாடு' என்று இன்றும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இச்சொல் எங்கிருந்து சென்றது? தமிழ்நாட்டிலிருந்து, நம் இனப்பெயரிலிருந்து சென்றது. பதினாறாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த போர்த்துகீசியர் எழுதிவைத்த குறிப்புகளில் இப்பெயர் காணப்படுகிறது. பின்னர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பரவியது. 1791-இல் பெர்னார்தேன் தெ சேன்-பியேர் என்னும் பிரெஞ்சு ஆசிரியர், குடிசையில் வாழும் பறையர் ஒருவரை அறிவும் பண்பும் நிறைந்தவராகக் காட்டிக் கதை எழுதினார். 1821-இல் பாரிசில் இப்பெயரையே தலைப்பாகக் கொண்ட நாடகம் ஒன்று மேடையேறியது. ஜெர்மன் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர், யூத மக்களின் வரலாற்று நிலையை விளக்குதற்கும் இச்சொல்லையே எடுத்தாண்டார்.

ஆக, உழைத்து வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர், ஊர்விட்டு ஊர் சென்று, கடல் கடந்து, பிறரைப் பழிக்கும் சொல்லாக மாறிற்று. இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதியே, ஐரோப்பியர் இச்சொல்லைப் பிழைபட ஆண்டு வந்ததைக் குறிப்பிடுகிறது. பிழை என்று அகராதி சொன்ன பின்னும் வழக்கு நிற்கவில்லை. உவமைக்காக ஒருவர் எழுதும் ஒற்றைச் சொல், அவ்வுவமைக்கு ஆளான மக்களுக்கு என்ன செய்யும் என்பதை எழுதுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறரைக் கண்டிக்க வேண்டுமென்று கையில் எடுக்கும் அழுத்தச் சொல், குற்றமற்ற மூன்றாமவர் மீது பாய்ந்துவிடக்கூடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இந்த இழிவை நம் முன்னோர் மூன்று வழிகளில் எதிர்கொண்டனர். பண்டிதர் அயோத்திதாசர் 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் இயற்றினார். இப்பெயரை இழிசொல்லாக வழங்குவோரைச் சட்டத்தால் தண்டிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனோ நேர்மாறான வழியை மேற்கொண்டார். 1893-இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். எந்தப் பெயரைச் சொல்லி நம்மைத் தாழ்த்துகின்றனரோ அந்தப் பெயரை அச்சமின்றி நாமே சொல்லி உரிமை கேட்டாலன்றி உரிமை வாராது என்பது அவர்தம் கருத்து. 1900 வரை அவ்விதழ் நடந்தது. மூன்றாவது வழி, இராவ் பகதூர் எம்.சி. இராஜா கண்ட வழி. 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, அரசு ஆவணங்களில் பழைய பெயர்கள் நீங்கி 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் ஏறியது.

தண்டிக்கச் சொன்னார் ஒருவர்; தாங்கிப் பிடித்தார் ஒருவர்; மாற்றி அமைத்தார் ஒருவர். மூவரும் ஒருவரோடொருவர் முரண்பட்டவரே. எனினும் ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்யும் அதிகாரம் அச்சொல்லுக்கு உரிய மக்களிடமே இருக்க வேண்டும் என்பதில் மூவரும் ஒன்றுபட்டனர். இப்போராட்டம் அவர்களோடு முடிந்துவிடவில்லை. மலேசியாவில் 'இண்டர்லோக்' என்னும் மலாய் நாவல் பள்ளிப் பாடநூலாக்கப்பட்டபோது, அதில் இச்சொல் இடம்பெற்றது குறித்து அந்நாட்டுத் தமிழர் கண்டனம் எழுப்பினர். 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நூல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

விண்ணப்பத்துள் மறைந்த கண்டனம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்சியாளரிடம் குறை சொல்ல ஒரே வடிவம் விண்ணப்பம். அவ்வடிவத்திற்கென ஆங்கிலத்தில் ஒரு நடை இருந்தது. 'மிக்க தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வதாவது' என்று தொடங்கும். 'கடமைப்பட்டவாறு என்றும் வாழ்த்துவோம்' என்று முடியும். நடுவே இருப்பதுதான் செய்தி. தலையும் வாலும் பணிவாய் இருக்க, நடுவே கண்டனத்தை வைக்கும் கலை அது. இக்கலையில் நம் முன்னோர் தேர்ச்சி பெற்றிருந்தனர் என்பதற்குச் சான்று 1893-ஆம் ஆண்டு விண்ணப்பம்.

அவ்வாண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் பாராளுமன்றக் கீழவை, இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டுமெனத் தீர்மானித்தது. காங்கிரசு மகாசபை அதனை வரவேற்றது. ஆனால் இரட்டைமலை சீனிவாசன் தலைமையில் சென்னையில் கூடிய நம் சமுதாயத்தார் அதனை எதிர்த்தனர். கல்வி ஒரு சிலர் கையில் மட்டும் இருக்கும் நாட்டில், உள்ளூரில் நடக்கும் தேர்வு அச்சிலரையே அதிகாரிகளாக்கும். நம்மைத் தீண்ட மறுப்போரே நமக்கு நீதிபதிகளாய் அமர்வர் என்பது அவர்கள் வாதம். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள அவ்விண்ணப்பம் ஜெனரல் செஸ்னி என்னும் உறுப்பினர் வழியாகப் பாராளுமன்றத்தை அடைந்தது. அந்த நிலைப்பாடு சரியா, தவறா என்று இன்று இருவகையாகவும் வாதிடலாம். ஆனால் எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமுதாயம் 112 அடி நீளத்திற்குத் தன் கையொப்பத்தை நீட்டிக் காட்டியதே ஒரு கண்டனம் என்பதை மறுக்கவியலாது.

அதற்குச் சற்று முன்னர், 1891-இல், செங்கற்பட்டு மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனையும் தமக்கு உரிமையில்லாத நிலை, உழும் நிலம் கிடைக்காமல் தடுக்கப்படும் நிலை, கல்விக்கு வழியின்மை ஆகியவற்றை அவர் அடுக்கிச் சொன்னார். அவ்வறிக்கையின் நடை வறண்ட அலுவலக நடை. அப்படியிருந்தும் வருவாய் வாரியம் அதனை மிகைப்படக் கூறியதாகவே கருதியது. கண்ட உண்மையைக் கண்டவாறு எழுதினாலே அது மிகை என்று தோன்றுமாறு நம் மக்களின் நிலை இருந்தது போலும்! ஆயினும் 1892-இல் அரசு பிறப்பித்த ஆணையால் தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் உரிமை கோரும் நிலங்களின் மூலம் அதுவே. உரத்த அடைமொழி ஒன்றுமில்லாத ஓர் அறிக்கை, அடைமொழி நிறைந்த ஆயிரம் கட்டுரைகள் செய்யாத செயலைச் செய்தது.

கேள்வியாக எழுந்த கண்டனம்

1930 நவம்பரில் இலண்டனில் வட்டமேசை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்டோர் சார்பில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சென்றனர். ஆங்கில ஆட்சி நமக்கு அரண் என்று நம்பிய ஒரு தலைமுறை அப்போது இருந்தது. அந்த அவையில், ஆட்சி செய்வோரின் நாட்டிலேயே, அவர்கள் மொழியிலேயே, அண்ணல் அவ்வாட்சியைக் கண்டித்தார்.

அவர் கையாண்ட முறை நம் இளைஞர் உற்று நோக்கத்தக்கது. வசைச்சொல் ஒன்றையும் அவர் ஆளவில்லை. கேள்விகளை அடுக்கினார். ஆங்கிலேயர் வருமுன் ஊர்க்கிணற்றில் நாங்கள் நீர் எடுக்க முடியவில்லை, இப்போது முடிகிறதா? கோயிலுள் நுழைய முடியவில்லை, இப்போது முடிகிறதா? காவற்படையில் சேர இடமில்லை, இப்போது உண்டா? இராணுவத்தில் இடமுண்டா? ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஒன்றே என்பது கேட்போர்க்குத் தானே விளங்கிற்று. நூற்றைம்பது ஆண்டுகள் ஆண்ட அரசு எங்கள் புண்ணை ஆற்றவில்லை என்னும் தீர்ப்பைக் கேட்போரின் உள்ளமே எழுதிக்கொண்டது.

இக்கேள்விகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. 1927-இல் மகாடில் குளத்து நீரை அள்ளிய மக்களின் பட்டறிவு அவற்றின் பின்னே இருந்தது. நம் மாகாணத்திலும் பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியிருந்தார். தீர்மானம் நிறைவேறியும் சேரியின் நிலை மாறாததைக் கண்டவர் அவர். செயலில் ஊன்றிய கேள்வியாதலால் அது கூர்மை பெற்றது.

சீர்திருத்தமா, அழித்தொழிப்பா?

1936-இல் இலாகூரிலிருந்த ஜாத்-பாத் தோடக் மண்டலம் என்னும் சீர்திருத்தச் சங்கம், தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்குமாறு அண்ணலை அழைத்தது. அவர் உரையை எழுதி அச்சிட்டு அனுப்பினார். சங்கத்தார் அதன் சில பகுதிகளைக் கண்டு அஞ்சினர்; நீக்குமாறு வேண்டினர். அவர் இசையவில்லை. மாநாடே கைவிடப்பட்டது. அண்ணல் தம் சொந்தச் செலவில் 1,500 படிகளை வெளியிட்டார். காந்தியடிகள் தம் 'ஹரிஜன்' இதழில் அதற்கு மறுப்பு எழுதினார். அம்மறுப்பையும் தம் விடையையும் சேர்த்து 1937-இல் இரண்டாம் பதிப்பை அண்ணல் கொண்டுவந்தார்.

அந்நூலின் தலைப்பிலுள்ள வினைதான் ஈண்டு நாம் கருத வேண்டுவது. அக்காலச் சீர்திருத்தக்காரர் ஆங்கிலத்தில் 'சீர்திருத்தம்' என்றனர், 'நீக்கம்' என்றனர், 'மேம்பாடு' என்றனர். அண்ணல் தேர்ந்தது 'அன்னிஹிலேஷன்' என்னும் சொல். 'ஒன்றுமில்லை' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது அது. ஒரு பொருளை இல்லாமற் செய்துவிடுதல் என்பது அதன் கருத்து. இதனை வெறும் ஆவேசச் சொல் என்று கொள்வார் பிழைபட்டோர். சாதியைத் திருத்தினால் சாதி எஞ்சும். திருந்திய சாதியும் சாதியே. ஆதலின் எஞ்சாமற் செய்வதைக் குறிக்கும் சொல்லன்றி வேறு சொல் அவர் வாதத்திற்குப் பொருந்தாது. அச்சொல்லின் கடுமை அவர் சினத்தால் வந்ததன்று. வாதம் அக்கடுமையை வேண்டியது. தமிழில் அவ்வுரை தந்தை பெரியாரின் 'குடிஅரசு' வழியாக 'ஜாதியை ஒழிக்க வழி' என்னும் பெயரில் வெளிவந்தது. இலாகூரில் பேசவொண்ணாத உரை ஈரோட்டில் அச்சேறியது நம் தமிழகத்திற்குப் பெருமையாகும்.

கடுஞ்சொல்லைத் தேர்வது எவ்வளவு இன்றியமையாததோ, இன்சொல்லை மறுப்பதும் சில வேளைகளில் அவ்வளவு இன்றியமையாதது. 'ஹரிஜன்' என்பது இனிய சொல்லே. ஆயினும் நம் உரிமையைக் கேட்கும் இடத்தில் இரக்கத்தை வைக்கும் சொல் அது என்று அண்ணல் கருதினார். 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவில் அச்சொல் இடம்பெற்றபோது, அவரும் அவர் கட்சியினரும் அவையை விட்டு வெளியேறினர். 1945-இல் எழுதிய நூலுக்கோ, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோர்க்குச் செய்தது என்ன என்னும் கேள்வியையே தலைப்பாக வைத்தார். அந்நூலின் உள்ளே புள்ளிவிவரங்களும் ஆவணங்களும் நிறைந்திருக்கின்றன. தலைப்பில் சினம், உள்ளே சான்று. இதுவே அவர் முறை.

சட்டத்துள் நுழைந்த சொற்கள்

கண்டனச் சொல் சட்டச் சொல்லாக மாறும்போதுதான் அதன் பயணம் நிறைவு பெறுகிறது. 1948 நவம்பர் 29-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்பு விதியை ஏற்றது. இன்று அது அரசியலமைப்பின் 17-ஆம் விதி. அதன் ஆங்கில வாசகத்தில் தீண்டாமை 'ஒழிக்கப்பட்டது' என்றிருக்கிறது. 'ஒழிக்கப்படும்' என்றோ 'ஒழிக்க முயல வேண்டும்' என்றோ இல்லை. அதனை எவ்வடிவில் கைக்கொள்வதும் தடுக்கப்பட்டது. விலக்கோ நிபந்தனையோ இல்லாத வினைகள் இவை.

அவ்வாசகத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. தீண்டாமை என்னும் சொல் மேற்கோள் குறிகளுக்குள் வைக்கப்பட்டுள்ளது. அக்குறிகளுக்குப் பொருள் யாது? 1958-இல் மைசூர் உயர் நீதிமன்றம் தேவராஜய்யா வழக்கில் இதனை விளக்கிற்று. அகராதிப் பொருளில் தொடாமை எதுவாயினும் அதைச் சட்டம் குறிக்கவில்லை. இந்நாட்டில் வரலாற்றில் வளர்ந்து வந்த அந்தக் குறிப்பிட்ட கொடுமையையே குறிக்கிறது என்று கூறிற்று. இரண்டு சிறு குறிகள் ஒரு சமுதாயத்தின் வரலாறு முழுவதையும் சட்டத்தின் உள்ளே கொணர்ந்துவிட்டன!

அதன்பின் 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. ஆயினும் கொடுமை குறையவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்து கரிந்தன. இத்தகையவற்றைச் 'சம்பவம்' என்றும் 'தகராறு' என்றும் 'மோதல்' என்றும் எழுதி வந்த வழக்கத்தை நம்மவர் மறுத்தனர். 'அட்ராசிட்டி' என்னும் கடுஞ்சொல்லே இதற்குத் தகும் என்று மேடைதோறும் சொல்லினர். 1989-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே அச்சொல் ஏறியது. தமிழில் அதனை வன்கொடுமை என்கிறோம். முன்பு மிகைச்சொல் என்று பிறர் இகழ்ந்தது, இன்று காவல் நிலையத்தில் வழக்கெழுதும் சொல்.

பாலாற்றங்கரையில்

நாம் வாழும் சத்துவாச்சாரி பாலாற்றின் கரையை அடுத்தது. இராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை, பேரணாம்பட்டையும் சேர்த்து, தோல் பதனிடும் தொழிலில் நம் மக்களின் கைகள் தலைமுறை தலைமுறையாக ஊறியிருக்கின்றன. சுண்ணாம்புக் குழியிலும் குரோமிய நீரிலும் இறங்கி வேலை செய்தோர் நம்மவர். அக்கழிவு கலந்த கிணற்று நீரைக் குடித்தோரும் நம்மவரே.

இந்த ஆற்றின் பெயரால் எழுந்த ஒரு வழக்கு உலகெங்கும் சட்ட மாணவர் படிக்கும் வழக்காயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் அன்னியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதற்காக மண்ணையும் நீரையும் கெடுக்கும் உரிமை அதற்கில்லை என்றும் கூறிற்று. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ கெட்டுவிட்டது என்னும் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் நெறியை அது நாட்டின் சட்டமாக்கியது. தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. 'மாசுபடுத்தியவர்' என்னும் சொல்லை நோக்குக. ஆறு மாசடைந்தது என்று எழுதினால் செய்தவர் யார் என்பது மறைந்துவிடும். மாசுபடுத்தியவர் தர வேண்டும் என்று எழுதினால் எழுவாய் வெளிப்படுகிறது; பொறுப்பும் வெளிப்படுகிறது.

இளைஞர்க்கு

மாநாட்டுத் தீர்மானங்களில் நாம் எழுதும் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்', 'ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறோம்' என்னும் தொடர்கள் ஆங்கிலத் தீர்மான நடையிலிருந்து நமக்கு வந்தவை. அந்நடையில் படிகள் உண்டு. கவலை கொள்வது ஒரு படி. வருந்துவது அடுத்த படி. கண்டிப்பது அதற்கும் மேற்படி. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவையில் எந்தச் சொல்லைப் போடுவது என்பதற்காக நாள்கணக்கில் வாதிடுகின்றனர். எடுத்த எடுப்பிலேயே உச்சிப்படியில் ஏறி நிற்பவர்க்கு, நாளை பெருங்கொடுமை நேரும்போது ஏறுவதற்குப் படி இராது. தெருவிளக்கு எரியாததற்கும் உயிர் போனதற்கும் ஒரே சொல்லை ஆள்பவரின் சொல்லை எந்த அலுவலரும் மதியார்.

நம் ஊரில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கிறது. திங்கட்கிழமைதோறும் குறைதீர் நாளில் மனுக்களோடு நிற்கும் வரிசையில் நம்மவர் பலர். பட்டா கேட்கும் மனு, சுடுகாட்டுப் பாதை கேட்கும் மனு, உதவித்தொகை வராத மாணவனின் மனு எனப் பலவும் அங்கே வருகின்றன. படித்த இளைஞர்கள் அவ்வரிசையில் நிற்கும் பெரியவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதை ஒரு தொண்டாகக் கொள்ள வேண்டும். எழுதும்போது, யார் செய்தார், எந்நாளில் செய்தார், எந்த ஆணைக்கு மாறாகச் செய்தார், நாம் கேட்பது யாது என்னும் நான்கையும் முதலில் எழுதுக. அதன்பின் ஒரே ஒரு கடுஞ்சொல் போதும். அது தன் இடத்தில் நின்று வேலை செய்யும். இந்நான்கும் இல்லாத மனுவில் நூறு கடுஞ்சொல் இருப்பினும் அது கோப்பில் உறங்கும்.

ஆங்கிலம் கற்பதை வேலைக்கான தகுதியாக மட்டும் எண்ணற்க. உயர் நீதிமன்றத்தின் மொழியாகவும், நடுவணரசின் ஆணைகள் எழுதப்படும் மொழியாகவும் அது இன்றும் இருக்கிறது. அம்மொழியில் நமக்காகப் பிறர் எழுதினால், நம் துயரத்தின் அளவைப் பிறர் முடிவு செய்வர். அதே வேளையில், ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் நம் தாய்மார்க்கு நாம் எழுதியது விளங்காது. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், கூலித் தொழிலாளியும் வாங்கத்தக்க விலையில் தமிழில் எழுதினார். கோலார் தங்கவயல் வரை அவ்வெழுத்துச் சென்றது. கோட்டைக்கு ஆங்கிலமும் சேரிக்குத் தமிழும் ஆக இருமொழியிலும் வல்லவராயிருந்தமையால்தான் அத்தலைமுறை வென்றது.

1989 முதல் சில ஆண்டுகள் நம் மாவட்டமே அண்ணலின் பெயரைத் தாங்கி வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என வழங்கியது. இன்று மாவட்டங்கள் பிரிந்து பெயர்களும் மாறிவிட்டன. பலகையில் எழுதிய பெயரை அரசாணை ஒன்று அழித்துவிடலாம். மாணவரின் நாவிலும் எழுத்திலும் ஏறிய சொல்லாற்றலை எந்த ஆணையாலும் அழிக்க முடியாது. இக்கல்விச் சங்கத்தில் பயின்று வெளிவரும் ஒவ்வொருவரும், தமக்கு இழைக்கப்படும் அநீதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி, அச்சமின்றி, அளவறிந்து எழுதவல்லவர் ஆவாராயின், இருபத்தைந்து ஆண்டுகளின் உழைப்புக்கு அதுவே தக்க பயனாகும்.